பசை மேடம் அணைக்காத கேமரா

முதலில் ஒரு மன்னிப்பு. இரங்கல் கூட்டத்தில் நெஞ்சிலிருந்து பேச வேண்டும் என்பார்கள். நான் தாளைப் பார்த்து வாசிக்கப் போகிறேன். எழுதாமல் எனக்குப் பேச வராது. எழுதவும் பெரிதாக வந்துவிடாது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்; மேடைப் படி ஏறுவது இன்றுதான் முதல் தடவை. 

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் ஆய்வு நிலையத் தலைவர் அவர்களே, நரம்பு மின்னியல் துறையின் மூத்த பேராசிரியரும் நாங்கள் எல்லோரும் அன்போடும் கொஞ்சம் பயத்தோடும் மின்னல் சார் என்று அழைப்பவருமான ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேடத்தின் கணவர் அவர்களே, மகள் அக்கா அவர்களே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் எல்லாத் துறை நண்பர்களே, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என் அப்பாவே, அனைவருக்கும் என் வணக்கம்.

மேடத்தின் முழுப்பெயரும் பட்டங்களும் உங்கள் கையில் உள்ள அழைப்பிதழில் இருக்கின்றன. நான் எங்கள் தாழ்வாரத்தில் புழங்கிய பெயரைத்தான் சொல்லப் போகிறேன். பசை மேடம்! கேலிக்காக வைத்த பெயர். அந்தக் கேலியை மாலையாகப் போட்டுக்கொண்டு இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தவர் அவர்!

ஏன் பசை? மூளையில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. ஒன்று நரம்பணுக்கள். கண் இமைப்பதற்குள் பேசி முடிக்கிறவை. மின்சாரத்தால் பேசுபவை. இன்னொன்று கிளியா செல்கள். அந்தப் பெயருக்கு ஏதோ ஒரு பழைய மொழியில் பசை என்று பொருளாம். நரம்பணுக்களுக்கு இடையே சந்து பொந்தை அடைக்கிற பசை, அவ்வளவுதான் என்று அந்தக் காலத்தில் நினைத்திருக்கிறார்கள். அவற்றை ஆராய வந்தவர் பசை மேடம் ஆனார்.

எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் அப்பா சுவரொட்டி ஒட்டுகிறவர்.

"என்ன ஆராய்ச்சிம்மா?" என்றார்.

"கிளியாப்பா."

"கிளியா? பறவையாம்மா?"

"இல்லப்பா, மூளைல இருக்கிற பசை."

"பசையா! அதுக்கா இவ்ளோ படிச்ச? என்கிட்ட கேட்டிருந்தா ஒரு வாளி காய்ச்சிக் குடுத்திருப்பேனே." பிறகு குரலைத் தாழ்த்தி, "பசையுள்ள இடம்தானே?" என்று கேட்டார்.

"பசை மட்டும்தாம்ப்பா இருக்கு" என்றேன்.

இதை ஒருமுறை மேடத்திடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உங்கப்பாவ ஒரு நாள் கூட்டிட்டு வா. நம்ம லேப்லயே தொழில் தெரிஞ்ச ஆள் அவர் ஒருத்தர்தான்" என்றார். அப்பா இன்றுதான் வந்திருக்கிறார். மண்டப வாசலில் சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்கிறதே இந்தக் கூட்டத்தின் அறிவிப்பு, அதை ஒட்டியது அவர்தான்.

நண்பர்களே, அந்த நாளில் பசையை யார் மதித்தார்கள்? நரம்பணுக்களை ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும்போது கூடவே முளைக்கும் கிளியா செல்களைக் கொல்ல ஒரு மருந்து ஊற்றுவார்கள். எங்கள் தாழ்வாரத்தில் அதற்குக் களைக்கொல்லி என்றே பெயர். பக்கத்து ஆய்வகத்தில், அதாவது மின்னல் சாரின் ஆய்வகத்தில், ஒரு களை இல்லாமல் தட்டு பளபளவென்று இருக்கும். ஆனால் மேடம் அந்தத் தட்டுகளை உற்றுப் பார்த்தார். நரம்பணுக்கள் கிளை விட்டிருந்தன. கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் இருந்தன. தொட்ட இடத்தில் உருவாக வேண்டிய இணைப்புதான் மிகக் குறைவு. களை எடுக்காத தட்டிலோ இணைப்புகள் மொய்த்துக் கிடந்தன!

"கல்யாண வீட்டுக்கு எல்லாரும் வந்துட்டாங்க சார். ஆனா இவர் இன்னார்னு அறிமுகம் பண்ணி வைக்க ஒரு ஆளு இல்ல. ஆளாளுக்கு மோட்டுவளையைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க" என்று மேடம் சொன்னாராம்.

"அப்ப உங்க பசை, கல்யாணத் தரகரா?" என்று மின்னல் சார் கேட்டாராம்.

"தரகர் இல்லாம உங்களுக்கு மட்டும் கல்யாணம் ஆயிருக்குமா சார்?"

இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஐயா அவர்களே சென்ற வாரம் சொல்லிச் சிரித்ததால் சொல்கிறேன்.

அவர்கள் இருவரும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு நான் கேட்டதே இல்லை. அவர் கதவைத் திறந்ததும், "என்ன பசை, ஒட்டிச்சா?" என்பார். இவர் நிற்காமல் நடந்துகொண்டே, "காயட்டும் சார், ஒட்டும்" என்பார். ஒவ்வொரு நாளும்! அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்குப் பொழுது விடியும்.

இருவருக்கும் இருந்த சண்டை இதுதான். நரம்பணுக்கள் பேசுவதைக் கிளியா செல்கள் கேட்டுப் பதில் சொல்கின்றனவா? ஆம் என்றார் மேடம். "பதில் சொன்னா கேக்கணுமே? என் கருவியில ஒண்ணும் கேக்கலையே" என்றார் சார். அவர் சொன்னதும் நியாயம்தான். நரம்பணுவை மின்சாரத்தால் ஒரு தட்டு தட்டினால், சாயம் ஏற்றிய செல் பளிச்சென்று ஒளிரும். கேமராவில் பதிவாகும். முடிந்தது. கேமராவை அணைத்துவிட்டு அடுத்த தட்டை எடுப்பார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மேடமும் அப்படித்தான் செய்தார். வருடக்கணக்கில்!

இப்போது மகள் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அனுமதி வாங்கிவிட்டேன். "கொஞ்சம் கூட்டியே சொல்லு" என்றார்; நான் கூட்டவில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதில் பேச்சு வரத் தாமதமானது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் குழந்தையிடம் ஏதோ கேட்பார்கள். அது வாய் திறப்பதற்குள் அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். "பாப்பா சாப்டியா? சாப்டிருக்கும், சாப்டிருக்கும்." பிறகு அம்மாவைப் பார்த்து ஒரு பரிதாபப் பார்வை. ஒரு நாள் உறவுக்காரர் ஒருவர் வந்தார். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "உன் பேர் என்ன?" என்றார். அடுத்த மூச்சிலேயே மேடத்தைப் பார்த்து, "இன்னும் பேச்சு வரலையா?" என்றார்.

மேடம் காபித் தட்டை மேசையில் வைத்தார். "நீங்க கேட்டீங்க இல்ல? இப்ப அவ முறை. கொஞ்சம் சும்மா இருங்க."

எல்லோரும் சும்மா இருந்தார்கள். காபி ஆறியது. உறவுக்காரர் நெளிந்தார். அக்காவின் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குழந்தை அந்த மனிதரின் சட்டைப் பொத்தானை வெகு நேரம் திருகிவிட்டு, தெளிவாக, முழு வாக்கியமாகச் சொன்னது:

"சொல்ல மாட்டேன்."

சிரியுங்கள், தப்பில்லை. அந்த வீடும் அன்று அப்படித்தான் சிரித்தது. அந்தக் குழந்தை இன்று வழக்கறிஞர். "அன்னிக்குச் சேத்து வெச்சதையெல்லாம் இப்ப கோர்ட்ல பேசித் தீக்கறா" என்று மேடம் பெருமையோடு அலுத்துக்கொள்வார்.

குழந்தை "சொல்ல மாட்டேன்" என்று சொன்னதற்கு மறுநாள் காலை ஆய்வகத்துக்கு வந்த மேடம் வழக்கம்போல் தட்டை வைத்தார். எலிக்குட்டியின் வளரும் மூளையிலிருந்து எடுத்த மெல்லிய சீவல் அதில் இருந்தது. மின்சாரத்தால் ஒரு தட்டு. நரம்பணு பளிச்சென்றது. கை கேமராவை அணைக்கப் போனது. போன கை நின்றது. கேட்டது நாம்தானே? இப்போது அதன் முறை அல்லவா?

கையை மடியில் வைத்துக்கொண்டார். திரை இருட்டாக இருந்தது. இருட்டாகவே இருந்தது. பிறகு ஒரு மூலையில், அதுவரை யாரும் ஒரு பொருட்டாக மதிக்காத ஒரு கிளியா செல், மெல்ல மெல்ல, விடிகிற வானம் மாதிரி ஒளிரத் தொடங்கியது. அது பக்கத்துச் செல்லுக்குப் பரவியது. அங்கிருந்து அடுத்ததற்கு!

பதில்! பதில் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஹலோ என்று சொல்லிவிட்டு நாம்தான் உடனே போனைத் துண்டித்துக்கொண்டிருந்தோம்!

மேடம் தாழ்வாரத்தில் ஓடினாராம். அவர் ஓடிப் பார்த்தது அந்த ஒரு நாள்தான் என்பார் மின்னல் சார். வந்து பார்த்துவிட்டு சார் சொன்ன முதல் சொல் என்ன தெரியுமா? "தூசி."

"தூசி பதில் சொல்லுமா சார்?"

"இவ்ளோ லேட்டா வர்றது பதிலா?"

அப்போது மேடம் சொன்னதுதான் எங்கள் ஆய்வகச் சுவரில் இன்றும் எழுதியிருக்கிறது. "மின்னலுக்கு அப்புறந்தான் சார் இடி வரும். மின்னலைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்திட்டு, இடியே இல்லன்னு சொன்னா எப்படி?"

சார் நெடுநேரம் திரையைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் அகராதியில் அதுதான் மிக உயர்ந்த பாராட்டு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை உலகத்திலேயே முதலில் கண்டது நாங்கள்தான் என்று நான் பெருமையடித்தால் மேடம் படத்திலிருந்து இறங்கி வந்து திட்டுவார். வேறு ஊர்களிலும் கிளியா செல்களின் பதிலைப் பார்த்தவர்கள் உண்டு. மேடத்தின் தனிச் சாதனை அடுத்த கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவரும் மின்னல் சார்தான். "பதில் வருது, சரி. அதனால என்ன ஆகுது? அது வரலன்னா மூளை வளராதா?"

அந்த ஒரு கேள்விக்காக இரண்டு ஆய்வகங்களுக்கும் நடுவே இருந்த கதவின் குறுக்கே நின்ற பழைய அலமாரியை நகர்த்தினார்கள். நகர்த்தியவர் சார். அந்தப் பக்கம் மின்சாரம், இந்தப் பக்கம் பசை. நரம்பணு பேசும், கிளியா கேட்கும், கேட்டுவிட்டு இணைப்புகளை வளர்க்கிற பொருள்களைச் சுரக்கும். எந்த இணைப்பு பேசிக்கொண்டே இருக்கிறதோ அது உறுதிப்படும். பேச்சில்லாத இணைப்பு நீக்கப்படும். வளர்கிற மூளை தன்னைத்தானே இப்படித்தான் செதுக்கிக்கொள்கிறது! மருந்து கொடுத்துக் கிளியாவின் காதைப் பொத்தினால், அந்தச் சீவலில் நரம்பணுக்கள் இருக்கும், கிளைகள் இருக்கும், ஆனால் இணைப்புகள் மெலிந்துபோகும். இதை ஒருமுறை அல்ல, பலமுறை செய்து காட்டினார் மேடம். ஒவ்வொரு தடவையும் அடுத்த அறையிலிருந்து ஒரு "ஆனா" வரும். ஒவ்வொரு "ஆனா"வுக்கும் ஒரு புதிய சோதனை செய்தார். எதிராளியாம்! இப்படியொரு எதிராளி கிடைக்க எந்த விஞ்ஞானிக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

என்னைப் பற்றி நான்கு வரி மட்டும். வேலைக்கான நேர்காணலில் குழுவில் ஒருவர் கேள்வி கேட்டார். பதில் எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போகத் தாளைத் திருப்பினார். மேசையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "இருங்க சார், அந்தப் பொண்ணு யோசிச்சிட்டிருக்கு." எல்லோரும் இருந்தார்கள். நான் சொன்னேன். அதனால்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன். ஆய்வகத்தில் என் பெயர் ம்யூட். வைத்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். இன்று அவர்கள்தான் ம்யூட்.

இனி, கடைசிச் சோதனை.

மேடம் தன் வாழ்நாளில் கேட்ட கடைசிக் கேள்வி இது. கிளியாவின் காதைப் பொத்தி, இணைப்புகள் மெலிந்துபோன மூளைச் சீவல் இருக்கிறதே, அதில் பொத்திய காதைப் பிறகு திறந்துவிட்டால் என்ன ஆகும்? வளர வேண்டிய காலம் போய்விட்டது. பதில் தாமதமாக வந்தால், அந்தப் பதிலுக்கு இன்னும் பலன் இருக்குமா? காலம் போனால் போனதுதானா?

ஏன் அவர் இதைக் கேட்டார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிய ஒரு குழந்தையை நீங்கள் இப்போதுதான் பார்த்தீர்கள்.

மருந்தைக் கழுவி எடுத்து, தட்டுகளை வரிசையாக வைத்து, கேமராவை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். "நாளைக்குப் பார்ப்போம். அணைச்சிராதீங்க" என்றார். மறுநாள் விடியற்காலை, தூக்கத்திலேயே அவர் இதயம் நின்றுபோனது.

அவருடைய இறுதிச் சடங்கு முடிந்து நாங்கள் ஆய்வகத்துக்குத் திரும்பினோம். யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. தலைமை ஆய்வாளர் இல்லாத அறையில் கருவிகள் ஓடக் கூடாது என்பது நிலையத்தின் விதி. விதியை நான் குறை சொல்லவில்லை. பராமரிப்புக்காரர் வந்தார், நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார். எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று எல்லோருமே ம்யூட்.

நடுக்கதவு திறந்தது. மின்னல் சார்.

"அதைத் தொடாதீங்க. அது என் மைக்ராஸ்கோப்."

பராமரிப்புக்காரர் நிமிர்ந்தார். "சார், இது மேடம் ரூம்ல..."

"எந்த ரூம்ல இருந்தா என்னய்யா? என்னுதுன்னு சொல்றேன். போங்க."

மன்னிக்க வேண்டும் சார், இதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஐம்பது தடவையாவது அந்த மைக்ராஸ்கோப்பை "பசை டப்பா" என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று நீங்கள் சொன்னது பச்சைப் பொய். அதைவிட நல்ல பொய்யை நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் நீங்கள் எங்கள் வாசலில் வந்து நிற்கிறீர்கள். வாய் "என்ன..." என்று ஆரம்பிக்கிறது. பிறகு மூடிக்கொள்கிறது. நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு இன்று நான் பதில் கொண்டுவந்திருக்கிறேன். உங்களுக்கும் தெரியாது. மேடத்தின் கணவருக்கும் தெரியாது. தட்டுகளை எண்ணி, மறுபடி எண்ணி, சந்தேகம் தீர்ந்தது நேற்றுத்தான்.

சார், ஒட்டிச்சு!

ஒட்டியது, நண்பர்களே! தாமதமாக வந்த பதிலுக்கும் பலன் இருந்தது! முழுவதும் மீளவில்லை. காது பொத்தாத சீவலில் இருக்கும் அளவுக்கு இல்லை. ஆனால் மெலிந்து கிடந்த இடத்தில் புதிய இணைப்புகள் வந்திருக்கின்றன. ஒரு தட்டில் அல்ல, மேடம் வைத்துவிட்டுப் போன எல்லாத் தட்டுகளிலும்! நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். இது தட்டில் கண்டது, குழந்தையிடம் அல்ல. மற்றவர்கள் செய்து பார்க்க வேண்டும். தவறென்றால் தவறென்று சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி கேட்டவர் போன பிறகும் பதில் வந்து சேர்ந்திருக்கிறது. ஏன் வந்தது? கேமராவை யாரும் அணைக்கவில்லை! அதனால் வந்தது!

மேடம், கேட்டீர்களா? இடி இடித்துவிட்டது!

கைதட்டினால் தப்பா என்று யோசிக்க வேண்டாம். இது மேடத்தின் வெற்றி. தட்டுங்கள்.

நன்றி. இந்தப் பணியைத் தொடர்வோம் என்று இப்போது நான் உறுதி சொல்ல வேண்டும். சொல்கிறேன். நாங்கள் தொடர்வோம். ஒவ்வொரு "ஆனா"வுக்கும் ஒரு சோதனை செய்வோம். கேள்வி கேட்டால் காத்திருப்போம்.

ஆனால் உறுதி மட்டும் போதாது. இதை முதல் பக்கத்திலேயே எழுதினேன். அடித்துவிட்டேன். நடுவில் எழுதினேன், அங்கும் அடித்துவிட்டேன். இதுதான் கடைசித் தாள். இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை.

தலைமை இல்லாத ஆய்வகத்தை மூடி, எங்களை ஆளுக்கொரு துறைக்குப் பிரித்து அனுப்புவது பற்றி நிலையக் குழு அடுத்த வாரம் முடிவெடுக்கப் போகிறது. தலைவர் அவர்களே, களை எடுத்த தட்டில் என்ன ஆகும் என்று நான் சொன்னதை இன்று நீங்களும் கேட்டீர்கள். எங்களைப் பிரிக்க வேண்டாம். மூத்த பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்றால் ஆய்வகம் தொடரலாம் என்று அதே விதியில் இருக்கிறது.

மின்னல் சார், அது உங்கள் மைக்ராஸ்கோப் என்று சொன்னீர்களே. அந்தப் பொய்யை உண்மையாக்குங்கள். இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

உடனே பதில் சொல்ல வேண்டாம் சார். நாங்கள் கேட்டுவிட்டோம். இனி உங்கள் முறை. நான் போய் என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். "இருக்கலாம்" என்று சொன்னாலும் போதும். அதுவரைக்கும் கேமரா ஓடிக்கொண்டுதான் இருக்கும்.